ஊழியர் வளர நாம் என்ன செய்யலாம்?

(நூற்றாண்டு விழாவை முன்னிட்டு நடைபெற்ற தொழில் வழிகாட்டல் அமர்வில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அலுவலகங்களிலும் வங்கிகளிலும் தொழிற்சாலைகளிலும் முகாமையாளர்களாகவும் மனிதவளப் பிரிவினராகவும் கடமையாற்றும் பழைய மாணவிகள் சார்பில் இங்கு பேசுகின்றோம். எமது கையின் கீழ் வேலை செய்பவர்கள் வளர்வதற்கு நாம் என்ன செய்யலாம் என்பதே இன்றைய பொருள். இதன் முதற்பாடத்தை நாம் கற்றது எந்த முகாமைத்துவ நூலிலும் அல்ல, இந்த மண்டபத்தில்தான்.

வகுப்பில் வாயே திறக்காத பிள்ளையிடம் காலைப் பிரார்த்தனையில் செய்தி வாசிக்கும் பொறுப்பைக் கொடுக்கும் ஆசிரியையை எமக்கெல்லாம் தெரியும். முதல் நாள் அவர் மேடையின் ஓரத்தில், பிள்ளையின் கண்ணுக்குத் தெரியும்படி நிற்பார். அடுத்த வாரம் மண்டபத்தின் கடைசி வரிசையில் நிற்பார். பிறகு அவர் வரத் தேவையில்லை. நம்பிப் பொறுப்பைக் கொடுத்தல், பக்கத்தில் நிற்றல், நேரம் வந்ததும் விலகிக்கொள்ளல் என்ற இந்த மூன்றையும் செய்பவரே நல்ல முகாமையாளர். எம்மில் பலர் முதலாவதைச் செய்து இரண்டாவதை மறந்துவிடுகின்றோம். வேறு சிலருக்கு மூன்றாவது முடிவதில்லை. பத்து வருடமாக வேலை செய்பவரின் கடிதத்தையும் சிவப்புப் பேனாவால் திருத்திக்கொண்டே இருப்பார்கள்.

ஆண்டிறுதியில் செயலாற்றுகை மதிப்பீட்டுப் படிவத்தை நிரப்பிச் சம்பளவேற்றத்தைத் தீர்மானித்தவுடன் கடமை முடிந்ததென நினைக்கின்றோம். சம்பளம் பேசும் நாளில் எவரும் தமது குறையை மனம் திறந்து சொல்லமாட்டார். ஆகவே வளர்ச்சியைப் பற்றிய பேச்சுக்கு வேறொரு நாள் வேண்டும். மாதத்தில் அரை மணித்தியாலம் போதும். இப்போது எந்த வேலை உங்களுக்கு இலகுவாகிவிட்டது? எதைக் கற்க விரும்புகிறீர்கள்? அதற்கு எம்மால் நீக்கக்கூடிய தடை என்ன? இம்மூன்றையும் கேட்டுவிட்டு, பதிலைக் குறித்துவைத்து, அடுத்த மாதம் அந்தக் குறிப்புடன் வந்து அமர வேண்டும். குறிப்பில்லாமல் வரும் முகாமையாளரிடம் இரண்டாம் முறை எவரும் உண்மை பேசுவதில்லை.

பயிற்சி பற்றியும் ஒரு வார்த்தை. அமெரிக்கரான டொனால்ட் கேர்க்பட்ரிக் 1959ஆம் ஆண்டிலேயே பயிற்சியின் பயனை நான்கு படிகளில் பார்க்கச் சொன்னார். கலந்துகொண்டவர் அதை விரும்பினாரா, எதையாவது கற்றாரா, திரும்பி வந்து வேலையில் அதைச் செய்கிறாரா, அதனால் நிறுவனத்துக்குப் பலன் உண்டா என்பவையே அவை. நாம் பெரும்பாலும் முதற்படியிலேயே நின்றுவிடுகின்றோம். மதிய உணவு நன்றாக இருந்ததா என்று கேட்டுவிட்டுச் சான்றிதழைக் கோவையில் போடுகின்றோம். புதிய கணினி முறையைக் கற்று வந்தவருக்குத் திங்கட்கிழமையே அதில் ஒரு வேலையைக் கொடுக்காவிட்டால், செலவழித்த பணமும் அவரது உற்சாகமும் வீண்.

இனி மனிதவளப் பிரிவின் பங்கு. முகாமையாளர் நல்லவராக அமைவது ஊழியரின் அதிர்ஷ்டமாக இருக்கக்கூடாது. பதவியுயர்வுக்கான தகைமை என்ன, பயிற்சிக்கு எவ்வாறு தெரிவு நடைபெறுகிறது என்பவை எல்லோரும் பார்க்கும்படி எழுத்தில் இருக்க வேண்டும். சான்றிதழ் இல்லாத அனுபவசாலிகளை மறக்கக்கூடாது. பல வருடம் தொழில் செய்து கற்றவர்கள், முன்கற்றலை அங்கீகரிக்கும் முறையின் மூலம் தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் பெற எமது நாட்டில் வழியுண்டு. எத்தனை நிறுவனங்கள் இதைத் தமது தையல் பிரிவிலும் சமையலறையிலும் உள்ளவர்களுக்குச் சொல்லியிருக்கின்றன? அதேபோல, 2018ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தின்பின் தனியார் துறையிலும் எத்தனையாவது பிள்ளையென்று பாராமல் 84 நாள் மகப்பேற்று விடுமுறை உண்டு. விடுமுறையைக் கொடுப்பது சட்டம். திரும்பி வருபவரின் பழைய பொறுப்பை அவருக்காக வைத்திருப்பது எமது மனம்.

இங்கே எமது தவறொன்றையும் சொல்ல வேண்டும். நாங்கள் கடமையாற்றிய ஓர் அலுவலகத்தில், கொழும்பில் ஐந்து நாள் நடக்கும் பயிற்சிக்கு ஒருவரைத் தெரிவுசெய்ய மூன்று பேர் அமர்ந்தோம். கடன் கோவைகளை அந்தப் பிரிவிலேயே திருத்தமாகப் பார்க்கும் ஒரு பெண்ணின் பெயர் முதலில் இருந்தது. "கைக்குழந்தைக்காரி, பாவம், அலையவிடக்கூடாது" என்று சொல்லி, மூவரும் ஒருமனதாக அந்தப் பெயரை வெட்டினோம். இரக்கம் என்றே நினைத்தோம். போய்வந்தவர் அடுத்த வருடம் பதவியுயர்வு பெற்றார். வெட்டிய பட்டியல் பின்னொரு நாள் ஏதோ கோவைக்குள்ளிருந்து அந்தப் பெண்ணின் கண்ணிலேயே பட்டது. சத்தம் போடவில்லை. "அம்மா பிள்ளையைப் பார்த்திருப்பா, மிஸ். என்னட்டை ஒருக்காக் கேட்டிருக்கலாமே" என்று மட்டும் சொன்னார். சில மாதங்களில் வேலையை விட்டும் போய்விட்டார். மூவருமே பெண்கள் நாங்கள். இருவர் பிள்ளை வளர்த்துக்கொண்டே பதவிக்கு வந்தவர்கள். அப்படியிருந்தும் கேட்கத் தோன்றவில்லை.

அன்றுமுதல் ஒரு விதியைக் கடைப்பிடித்து வருகின்றோம். எவரையும் கேளாமல் அவருக்காக "முடியாது" என்று சொல்வதில்லை. போக முடியாதென்றால் அதை அவரே சொல்லட்டும். அப்படிச் சொன்னாலும் அடுத்த முறை மீண்டும் கேட்கின்றோம். பிள்ளைகள் வளர்ந்துவிடுகிறார்கள், வீட்டு நிலைமை மாறிவிடுகிறது. பயிற்சியைப் பக்கத்து ஊரில் வைக்கலாமா, ஐந்து நாளை இரண்டாகப் பிரிக்கலாமா என்றும் பார்க்கின்றோம்.

தங்கைகளே, நீங்கள் வேலைக்குச் சேரும்போது, உங்களிடம் யாரும் கேட்காவிட்டால் நீங்களாகவே கேளுங்கள். பட்டியல் எப்போது தயாராகிறது என்று விசாரியுங்கள். உங்கள் பெயரைக் கொடுங்கள். அதில் வெட்கமில்லை.

அக்காமாரே, நாளைக் காலை அலுவலகத்துக்குப் போனதும், இதுவரை நாம் எதுவுமே கேட்டிராத ஒருவரைக் கூப்பிட்டு அமரச் செய்வோம். எம் ஆசிரியைகள் எமக்குச் செய்த உதவிக்கு, இந்த நூற்றாண்டில் நாம் செய்யக்கூடிய கைம்மாறு அதுவே.