கல்லும் சொல்லும்: நாகர்கோவில் ஹோம் சர்ச் ஆலயம்



பத்தாண்டு நிறைவைக் கொண்டாடும் இலக்கிய வட்டத்தில் ஒரு தேவாலயத்தின் கட்டடத்தைப் பற்றிப் பேசுவது பொருந்துமா என்ற வினா எழலாம். நாஞ்சில் நாட்டைப் பொறுத்தவரை அது பொருந்தும். சீர்திருத்தக் கிறித்தவம் இம்மண்ணுக்குக் கொண்டுவந்த பெருஞ்செல்வம் சொல்லே. எனவே அதன் ஆலயம் முதற்கண் கேட்பதற்குரிய கூடம். பார்ப்பதற்குரிய மாளிகை என்பது அடுத்தபடிதான். சொல்லை ஆளும் கவிஞர்கள் அக்கூடத்தை ஊன்றி நோக்குவதில் பயன் உண்டு.

கதை மயிலாடியில் தொடங்குகிறது. கற்சிற்பத்துக்குப் பெயர்பெற்ற அவ்வூரைச் சேர்ந்த மகாராசன் வேதமாணிக்கத்தின் அழைப்பை ஏற்று, லண்டன் மிஷன் சங்கத்து ஊழியர் வில்லியம் தொபியாஸ் ரிங்கல்தௌபே 1806-இல் தென் திருவிதாங்கூருக்கு வந்தார். 1809-இல் அங்கே முதல் ஆலயம் எழுந்தது. பின்னர் வந்த சார்லஸ் மீட் பணிமையத்தை நாகர்கோவிலுக்கு மாற்றினார். இன்று ஹோம் சர்ச் என வழங்கும் ஆலயத்துக்கு 1819 சனவரி முதல் நாளில் ரிச்சர்டு நில் அடிக்கல் நாட்டினார். அரசப் பிரதிநிதியாக ஆண்ட கௌரி பார்வதி பாய் ராணியின் ஆதரவும், ரெசிடெண்ட் மன்றோவின் துணையும் இப்பணிக்குக் கிடைத்தன. சிறைக்கைதிகளின் உழைப்பும் யானையின் வலிமையும் கல் சுமக்கப் பயன்பட்டதாக மிஷன் வரலாறுகள் கூறுகின்றன. அடிக்கல் நாட்டியவர் பெயர் நிலைத்தது. கல் சுமந்தவர் பெயர் ஒன்றும் நிலைக்கவில்லை. யாத்தவர் பெயர் அறியாத நாட்டுப்பாடல்களைப் போற்றும் இவ்வவைக்கு இம்மறதியின் பொருள் விளங்கும்.

அக்காலச் சமூக நிலையை நினைவிற் கொண்டால்தான் இக்கற்சுவரின் கனம் தெரியும். ஒடுக்கப்பட்ட மக்கள் குடை பிடிப்பதற்கும், செருப்பு அணிவதற்கும், மாடி வைத்து வீடு கட்டுவதற்கும் தடை இருந்த நாடு அது. பெண்கள் மார்பை மறைக்கும் உரிமைக்காக நடந்த தோள்சீலைப் போராட்டம் 1822 முதல் பன்முறை மூண்டு, 1859 சூலைத் திங்கள் அரசப் பிரகடனத்தில்தான் ஓரளவு தணிந்தது. தம் வீட்டுச் சுவரை உயர்த்த உரிமையற்றிருந்த மக்கள், உயர்ந்த கருங்கற்சுவர்களுக்கு நடுவே நிமிர்ந்து அமர்ந்தனர். கட்டடம் ஒரு வாதமாக நின்றது. எழுத்தறியாதோரும் அவ்வாதத்தைப் படித்துக்கொண்டனர்.

அக்கூடத்தில் ஒலித்தது தமிழ். மயிலாடியில் பிறந்த ஜான் பால்மர் கீர்த்தனைகள் இயற்றியதோடு 1865-இல் 'கிறிஸ்தாயனம்' என்ற காவியத்தையும் தந்தார். மோசவத்சலம் இசைப்பாடல்களால் வழிபாட்டை வளம் செய்தார். ராகமும் தாளமும் அறிந்த ஒரு பாடல் மரபு, மேலைநாட்டு முறையில் எழுந்த கூடங்களில் வேர்பிடித்தது. மேலைக் கட்டடமும் கீழைப் பண்ணும் இங்கே பகையின்றிப் பழகின.

இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் வந்த ஆண்டுகள் ஆலயத்தின் உள்ளமைப்பையும் எல்லையையும் ஒருங்கே மாற்றின. லண்டன் மிஷன் சபைகள் 1908-லேயே தென்னிந்திய ஐக்கிய சபையில் இணைந்திருந்தன. 1947 செப்டம்பர் 27-இல் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட் மரபினரோடு சேர்ந்து தென்னிந்தியத் திருச்சபை உருவாயிற்று. 1950-இல் வெளிவந்த அதன் திருவிருந்து வழிபாட்டு முறையில், ஆயர் மேசைக்குப் பின்னே நின்று மக்களை நோக்கினார். சமாதானம் கையிலிருந்து கைக்கு வழங்கப்பட்டது. பிரசங்க பீடம் ஒன்றையே நடுவாகக் கொண்ட பழைய மரபுக்கு மேசையும் இணையான நடுவாயிற்று. 1956 நவம்பர் 1-இல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்கள் தமிழகத்தோடு இணைந்தன. 1959-இல் தென் திருவிதாங்கூர்ப் பேராயம் பிரிந்து கன்னியாகுமரிப் பேராயம் தோன்றிற்று. மொழி வகுத்த எல்லையைத் திருச்சபையும் ஏற்றது.

இதே காலத்தில் கிராமச் சபைகளின் ஆலயங்களும் உருமாறின. ஓலைக்கூரையும் ஓட்டுக்கூரையும் போய்க் கான்கிரீட் தளம் வந்தது. இடையே தூணின்றி அகன்ற கூடமும், சிமெண்டுச் சாளரமும், முகப்பில் ஓங்கிய கோபுரமும் வந்தன. பெருகிய சபைக்கு இடம் வேண்டும். இரு பருவமழையும் பெய்யும் இம்மாவட்டத்தில் மரக்கூரையைப் பேணுவதும் எளிதன்று. சபையார் பனையேறியும் வயலில் உழைத்தும் ஈட்டிய பணத்தில் எழுந்த அக்கட்டடங்களை இகழ்வது அறமாகாது.

ஆயினும் ஓர் இழப்பு உண்டு. வழுவழுப்பான கடினச் சுவர்களில் சொல் மோதி எதிரொலிக்கிறது. ஒரு சொல் அடங்குமுன் மறுசொல் அதன்மேல் விழுகிறது. ஒலிபெருக்கி சொல்லைப் பெரிதாக்கும். தெளிவாக்குவது அதன் கையில் இல்லை. புதியது எழுப்பப் பழையதை இடிக்குமுன் அதன் அளவுகளையும், கல்வெட்டுகளையும், தச்சர், கொத்தர் நினைவுகளையும் பதிந்து வைப்பது சபைகளின் கடன். இடித்த சுவரை ஏட்டிலிருந்து மீட்கலாம். ஏடும் இல்லையேல் மீட்க வழியில்லை.

அப்பதிவில் எழுதுவோர்க்கும் பங்குண்டு. ஊர்தோறும் உள்ள முதியோரிடம் ஆலயம் கட்டிய கதையைக் கேட்டு எழுதினால், அடுத்த பத்தாண்டு நிறைவு மலருக்கு அதுவே அரிய செல்வமாகும். கல் சுமந்தவர்களுக்குச் சொல் செலுத்த வேண்டிய கடன் இன்னும் நிலுவையில் இருக்கிறது.