கண் சிவந்தால் சொட்டு மருந்து போதுமா?

(பெங்களூர் மல்லேஸ்வரத்தில் நடந்த உறுப்பினர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நான் டாக்டர் இல்லை. ரசாயனம் படித்து, அரசு உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவன். என் அனுபவம் நம்மில் சிலருக்காவது பிரயோஜனப்படும் என்றுதான் இங்கே நிற்கிறேன்.

சென்ற மார்கழியில் எனக்கு ஒரு வாரம் விடாத இருமல். ஒரு நாள் காலை காபி கொண்டுவந்த ஆத்துக்காரி, "ஏன்னா, கண்ணெல்லாம் ரத்தமா இருக்கே!" என்று பதறினாள். கண்ணாடியில் பார்த்தால், இடது கண் வெள்ளையில் பாதி குங்குமம் கொட்டினாற்போல் சிவப்பு. வலி இல்லை, பார்வையும் குறையவில்லை. லேசான உறுத்தல் மட்டும்.

பக்கத்து ஆத்து மாமி நந்தியாவட்டைப் பூ வைக்கச் சொன்னார். மருந்துக் கடைக்காரர் சிவப்பை எடுக்கும் சொட்டு மருந்தை நீட்டினார். நல்ல வேளை, இரண்டையும் விட்டுவிட்டுக் கண் டாக்டரிடம் போனேன்.

அவர் விளக்கினார். விழி வெள்ளையின்மேல் மெல்லிய சவ்வு இருக்கிறது. இருமல், தும்மல், முக்கல், கண்ணைக் கசக்குதல் ஆகியவற்றால் அதிலுள்ள நுண்ணிய ரத்தக் குழாய் உடைந்து, ரத்தம் சவ்வுக்கு அடியில் பரவுகிறது. உடம்பே அதை உறிஞ்சிக்கொள்ளும். ஒன்றிரண்டு வாரத்தில், சில சமயம் மூன்று வாரத்தில், மஞ்சளித்து மறையும்.

எழுதிக்கொடுத்தது கார்பாக்ஸிமெத்தில் செல்லுலோஸ் சொட்டு மருந்து, தினம் நான்கு வேளை. செயற்கைக் கண்ணீர் என்பார்கள். ரத்தம் சவ்வுக்கு அடியில், மருந்தோ மேலே. ஆகவே அது ரத்தத்தைக் கரைக்காது. உறுத்தலைத் தணிக்கும், அவ்வளவே. எனக்கும் உறுத்தல் அன்றே அடங்கியது. சிவப்பு போகப் பன்னிரண்டு நாள் ஆயிற்று.

இந்தச் சாதாரண மருந்திலும் சுத்தம் முக்கியம். சென்னை அருகே தயாராகி அமெரிக்காவுக்குப் போன செயற்கைக் கண்ணீர் மருந்து, கிருமித் தொற்று காரணமாக 2023ல் திரும்பப் பெறப்பட்டது. அந்தத் தொற்றில் அங்கே சிலர் பார்வை இழந்தனர், உயிரிழப்பும் நேர்ந்தது. எனவே குப்பியின் முனை கண்ணிலோ விரலிலோ படக்கூடாது. திறந்து ஒரு மாதமானால் எறிந்துவிடுங்கள். ஒருவர் மருந்தை மற்றவர் போட்டுக்கொள்ள வேண்டாம்.

இனி என் தப்பைச் சொல்கிறேன். டாக்டர் ரத்த அழுத்தம் பார்த்தார்: 180/100! "எல்லாம் நார்மல்" என்று நானாகவே இரண்டு மாதமாக மாத்திரையை நிறுத்தியிருந்தேன். "கண்ணில் உடைந்தது தலைக்குள் உடைந்திருந்தால்?" என்றார். பதில் சொல்ல நா எழவில்லை. "அப்படியானால் ஆஸ்பிரினையாவது நிறுத்தட்டுமா?" என்றேன். "இருதய டாக்டரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள்" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

வலி, பார்வை மங்கல், வெளிச்சம் கூசுதல், அடிபட்ட கண், அடிக்கடி வரும் ரத்தக் கசிவு இருந்தால் சொட்டு மருந்தோடு வீட்டில் உட்காராதீர்கள். இங்கே மின்டோ, 1819ல் தொடங்கிய, சென்னை எழும்பூரிலுள்ள அரசு கண் மருத்துவமனை, மதுரையில் அரவிந்த் என்று நல்ல இடங்கள் இருக்கின்றன.

கண் சிவந்தால் பயப்பட வேண்டாம். ஆனால் அன்றைக்கே ரத்த அழுத்தம் பார்த்துக்கொள்ளுங்கள்.