குண்டு விழாத ஊருக்கு வந்த யுத்தம்
(முன்னாள் மாணவர் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரை)



காஞ்சிபுரத்தில் குண்டு விழுந்ததில்லை. ஆனாலும் யுத்தம் நம் ஊருக்கு வந்தது. மூட்டை முடிச்சோடு, செங்கல்பட்டில் ரயில் மாறி வந்தது.

1941 டிசம்பரில் ஜப்பான்காரன் ரங்கூனில் குண்டு போட்டான். 1942 பிப்ரவரி 15-ல் சிங்கப்பூர் விழுந்தது. ஏப்ரல் 5-ல் கொழும்பு. மறுநாள் விசாகப்பட்டினம், காக்கிநாடா. அடுத்தது மதராஸ்தான் என்று எல்லோரும் முடிவு கட்டிவிட்டார்கள். அந்த மாதமே, அவசியமில்லாதவர்கள் நகரத்தை விட்டுப் போகலாம் என்று சர்க்கார் சொல்லிவிட்டது. ஹைகோர்ட்டே கோயம்புத்தூருக்குப் போயிற்று. மூர் மார்க்கெட் பக்கத்து மிருகக்காட்சி சாலையில் கொடிய மிருகங்களைச் சுட்டுக் கொன்றார்கள். கூண்டு உடைந்தால் ஊருக்குள் வந்துவிடுமாம்! முந்தின யுத்தத்தில், 1914 செப்டம்பர் 22 இரவு, எம்டன் கப்பல் வந்து எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போனதைப் பார்த்தவர்கள் அப்போது நிறையப் பேர் இருந்தார்கள். 'அவன் பெரிய எம்டன்' என்கிறோமே, அது அங்கிருந்து வந்ததுதான். ஆகவே பயத்துக்குப் புதிதாகக் காரணம் தேட வேண்டியிருக்கவில்லை.

அப்போது அம்மாவுக்கு ஒன்பது வயது. பிள்ளையார்பாளையத்தில் ஒரே தறி உள்ள வீடு. அம்மாவின் அத்தை நான்கு பிள்ளைகளோடு பிறந்த வீட்டுக்கு வந்துவிட்டார். மாமாவுக்குத் துறைமுகத்தில் வேலை, அவர் வர முடியாது. தாத்தாவுக்கோ பட்டு கிடைப்பதே கஷ்டம். மைசூர்ப் பட்டு பாராசூட் செய்யப் போய்க்கொண்டிருந்த காலம். தறி பாதி நாள் சும்மா நிற்கும், உலையில் மட்டும் ஐந்து பேருக்கு அரிசி கூட.

"ஆகாசத்துல சத்தம் கேட்டா போதும், நாங்க பசங்கள்லாம் தறிக்குழிக்குள்ள குதிச்சிடுவோம். தாத்தா பாவு அறுந்துடும்னு கத்துவாரு" என்பார் அம்மா. சிரித்துக்கொண்டுதான் சொல்வார். ஆனால் அத்தையைப் பற்றிச் சொல்லும்போது சிரிப்பு நின்றுவிடும். அத்தை காலையிலிருந்து திண்ணையில் உட்கார்ந்திருப்பாராம். தபால்காரர் தெருவைத் தாண்டிப் போன பிறகுதான் உள்ளே வந்து சாப்பிடுவாராம்.

"மதராஸ்ல ஆர்பர்ல குண்டு விழுந்துது, அதனாலதான் அத்தை வந்தாங்க" என்று அம்மா கடைசி வரை சொல்லிக்கொண்டிருந்தார். தேதிகளைப் பார்த்தால் அப்படி இல்லை. 1942-ல் மதராஸில் குண்டே விழவில்லை. விழுந்தது 1943 அக்டோபரில்: ஓர் இரவு, ஒற்றை விமானம், துறைமுகப் பக்கம். சேதம் அதிகமில்லை. ஓடிப் போனவர்களில் பெரும்பாலோர் அதற்குள் திரும்பிவிட்டிருந்தார்கள். அத்தையும் ஆறே மாதத்தில் திரும்பிவிட்டார்.

இதை அம்மாவிடம் ஒருமுறை எடுத்துச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்படின்னா குண்டு விழுந்தப்போ அத்தை அங்கதான் இருந்துச்சு. ஆமா, தாத்தா ஆள் அனுப்பிச்சாரு, வான்னு. அத்தை வரலை. இன்னொரு வாட்டி என்னால திண்ணையில உக்கார முடியாதுன்னு சொல்லி அனுப்பிச்சிடுச்சு" என்றார்.

அதுவரை எனக்குத் தெரியாத விஷயம் இது. வருஷத்தைத் திருத்தப் போனேன், மறந்து கிடந்த ஒன்று வெளியே வந்தது. கெஸட்டும் பத்திரிகையும் எத்தனை குண்டு என்று சொல்லும். ஒரு பெண்பிள்ளை ஏன் இரண்டாம் தடவை ஓடி வரவில்லை என்று எதில் இருக்கிறது? என்னைக் கேட்டால், குண்டு விழுந்த இரவைவிட விழாத அந்த ஆறு மாதம்தான் நம் ஊர் பார்த்த யுத்தம்.

அம்மா 2015-ல் காலமாகிவிட்டார். இந்த அரங்கில் முன்வரிசையில் எண்பத்தைந்தைத் தாண்டிய மூத்த மாணவர்கள் சிலர் இருக்கிறீர்கள். உங்கள் வீட்டுக்கும் அந்த வருஷம் யாராவது மதராஸிலிருந்து வந்து தங்கியிருப்பார்கள். மதியச் சாப்பாடு முடிந்ததும் நூலகத்துப் பக்கம் வேப்பமரத்தடியில் நோட்டோடு உட்கார்ந்திருப்பேன். வருஷம் முன்பின்னாக இருந்தாலும் பரவாயில்லை, வந்து சொல்லுங்கள்.