பைலட் அணைஞ்சால், கொளுத்த முதல் பாருங்கோ

(ஒலிப்பதிவைச் சற்றுச் சுருக்கி எழுத்தாக்கியிருக்கிறோம்.)

ரொறன்ரோவில் முதல் குளிர் விழுந்த உடனே என்ரை போன் அடிக்கத் தொடங்கிவிடும். "தம்பி, காஸ் ஃபயர்பிளேஸ் பத்துதில்லை." கனபேர் சொல்லுறது இந்த ஒரு வசனம்தான். ஆனால் அதுக்குள்ளே நாலு வேறு வேறு முறைப்பாடு இருக்கு. அதனால் நான் போனிலேயே கேட்பேன்: சின்னச் சுவாலை, அதுதான் பைலட், வருதா? குமிழை விட்டாப் பிறகும் நிக்குதா? சுவிச்சைப் போட்டால் பெரிய நெருப்பு வருதா? வந்து கொஞ்ச நேரத்தில் அணையுதா? இதுக்குப் பதில் கிடைச்சால் பாதி வேலை முடிஞ்சுது.

எப்பவும் பைலட் எரிஞ்சுகொண்டிருக்கிற பழைய வகையை முதலில் பார்ப்போம். அந்தச் சுவாலைக்குள் இரண்டு உலோகக் கம்பிகள் நிற்கும். மெல்லியது தெர்மோகப்பிள். சூடானால் 25, 30 மில்லிவோல்ட் தரும். அவ்வளவுதான். அந்தத் துளி மின்சாரம் வால்வுக்குள் இருக்கிற ஒரு காந்தத்தைப் பிடிச்சு, காஸ் வழியைத் திறந்து வைத்திருக்கும். சுவாலை போனால் கம்பி ஆறும், காந்தம் விடும், காஸ் பூட்டுப்படும். தடித்த கம்பி தெர்மோபைல். அது 500 மில்லிவோல்ட் அளவில் தந்து, சுவர்ச் சுவிச் வழியாகப் பெரிய நெருப்பைத் திறக்கும். வீட்டுக் கரண்டே தேவையில்லை. 2013 டிசம்பர் உறைமழையில் நாட்கணக்கில் கரண்ட் இல்லாமல் இருந்தபோது கனபேரைக் காப்பாற்றினது இதுதான்.

இப்ப முறைப்பாட்டுக்கு வருவோம். குமிழை விட்ட உடனே பைலட் அணைஞ்சால் எல்லாரும் தெர்மோகப்பிளைத்தான் குற்றம் சொல்லுவினம். பொறுங்கோ. முதலில் சுவாலையைப் பாருங்கோ. நீலமாய், கம்பியின் நுனியைச் சுற்றிப் பிடிக்க வேணும். சின்னதாய், மஞ்சளாய், கம்பியில் படாமல் ஆடினால் கம்பியில் பிழையில்லை, காஸ் வருகிற துவாரத்தில் அடைப்பு. கோடை முழுக்கச் சும்மா கிடந்ததுக்குள் சிலந்தி வலை கட்டியிருக்கும். ஊரில் பம்ப் பண்ணுற மண்ணெண்ணெய் அடுப்புக்கு ஊசி போட்டுக் குத்தின ஞாபகத்தில் இதையும் குத்தக் கூடாது. துவாரம் பெருத்தால் சுவாலை பிழைக்கும். காற்று அடிச்சுத்தான் துப்புரவாக்குவோம். சுவாலை நல்லாய் இருந்தும் நிக்கேல்லை என்றால்தான் கம்பியின் நட்டு இளகியிருக்கா, கம்பி பழசாப் போச்சா என்று மீட்டர் வைத்துப் பார்ப்பேன். வருஷத்தில் முதல் தரம் கொளுத்தேக்கை குழாயில் காற்று நிற்கும், குமிழை ஒரு நிமிஷம் அமத்திப் பிடிக்க வேண்டியும் வரும்.

பைலட் நிக்குது, பெரிய நெருப்பு வரேல்லை என்றால் ரிமோட்டின் பற்றரி, அடுத்தது சுவிச். மில்லிவோல்ட்டில் ஓடுற சாமான், சுவிச்சில் கொஞ்சம் கறள் பிடிச்சாலே நின்றுவிடும். அதுவும் சரி என்றால் தெர்மோபைல். 300க்குக் கீழே காட்டினால் சந்தேகப்படுவேன்.

நாலாவது முறைப்பாடுதான் எனக்குப் பயம். ஸ்காபரோவில் ஒரு அம்மா. பதினைந்து நிமிஷம் வடிவாய் எரியும், பிறகு பைலட்டோடு சேர்ந்து எல்லாம் அணையும். யாரோ ஒருவர் வந்து இரண்டு தரம் தெர்மோகப்பிள் மாற்றி, இரண்டு தரமும் காசு வாங்கியிருக்கிறார். அம்மா குட்டி ஸ்டூல் ஒன்று போட்டு, பின்னேரத்தில் மூன்று நாலு தரம் தானே கொளுத்தப் பழகிவிட்டா. பேரப்பிள்ளை அதே அறையில் சோபாவில் நித்திரை.

மீட்டரில் எல்லாம் சரி. "அம்மா, கொளுத்துங்கோ, இருந்து பார்ப்பம்" என்றேன். தேத்தண்ணி தந்தா. முதலில் சுவாலை ஒழுங்காய் நின்றது. கொஞ்சத்தில் நீண்டு, சோம்பி, பேர்னரை விட்டு மேலே எழும்பி எதையோ தேடுற மாதிரி அலைஞ்சுது. அது ஒக்சிசன் காணாமல் திணறுகிற சுவாலை. வெளியில் போய்ப் பார்த்தேன். சுவரில் புகை வெளியேறுகிற மூடிக்கு முன்னால் ஒரு செடி. குளிருக்கென்று மகன் அதைப் பிளாஸ்டிக் சீற்றால் சுத்திக் கட்டியிருக்கிறார். போற புகை சீற்றில் முட்டி, புதுக்காற்று எடுக்கிற வழியாலேயே திரும்ப உள்ளே வந்திருக்கு. சீற்றை அவிழ்த்த பிறகு இரண்டு மணித்தியாலம் நின்று எரிஞ்சுது.

அவ திட்டித் தீர்த்த பைலட்தான் ஒவ்வொரு தரமும் காஸைப் பூட்டியிருக்கு. சொன்னபோது கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தா. "நான் திருப்பித் திருப்பிக் கொளுத்தினேனே தம்பி" என்றா.

2008 டிசம்பரில் ஒன்ராறியோவின் வூட்ஸ்ரொக் நகரில் ஒரு வீட்டில் தாய், தகப்பன், இரண்டு பிள்ளைகள் நாலு பேரும் காபன் மொனொக்சைட்டால் இறந்தார்கள். ஃபயர்பிளேஸின் புகைவழி அடைபட்டிருந்தது. அந்தக் குடும்பத்தின் பெயரில்தான் ஹோக்கின்ஸ் கின்யாக் சட்டம் வந்தது. காஸ் எரிகிற வீட்டில் நித்திரை கொள்கிற இடத்துக்குக் கிட்ட அலாரம் கட்டாயம் என்று 2014 முதல் நடைமுறையில் இருக்கு. இந்த வாயுவுக்கு மணமில்லை, நிறமில்லை. நான் எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் அந்த அலாரத்தின் பொத்தானைத்தான் அமத்துவேன். ஒரு வீட்டில் பற்றரியைக் கழற்றி ரிமோட்டுக்குப் போட்டிருந்தினம்! இன்னொரு வீட்டில், குமிழ் எழும்பாமல் மரத்துண்டு செருகியிருந்தது. அது பாதுகாப்பையே வெட்டிவிடுகிற வேலை.

புது வகையில் பைலட் எந்நேரமும் எரியாது, சுவிச்சைப் போட்டால் டிக் டிக் என்று பொறி வரும். பொறியே வரேல்லை என்றால் பற்றரியைப் பாருங்கோ. பைலட் பிடிச்ச பிறகும் டிக் டிக் நிக்காமல், சில செக்கனில் அணைஞ்சால் சுவாலையை உணர்கிற கம்பியில் கரி படிஞ்சிருக்கும்.

நீங்கள் வீட்டில் செய்யக்கூடியது இவ்வளவு: அணைஞ்சால் ஐந்து நிமிஷம் விட்டு, காஸ் மணம் இல்லை என்று பார்த்துத்தான் திரும்பக் கொளுத்த வேணும். மணம் வந்தால் சுவிச் ஒன்றிலும் கை வைக்காமல் வெளியே போய், அங்கேயிருந்து காஸ் கம்பனிக்கு அடியுங்கோ. கண்ணாடி இல்லாமல் பெரிய நெருப்பைப் போடாதேங்கோ. "டும்" என்ற சத்தத்தோடு பிந்திப் பிடிச்சால் நிற்பாட்டிவிட்டு, லைசன்ஸ் உள்ள ஆளைக் கூப்பிடுங்கோ. இரண்டு தரத்துக்கு மேல் அணைஞ்சாலும் அப்படித்தான்.

இன்றைக்கு வெளிச்சம் இருக்கேக்கை ஒருக்கால் வெளியே போய் அந்த மூடியைப் பாருங்கோ. சினோ குவிஞ்சிருக்கா, குளவி கூடு கட்டியிருக்கா, ஆராவது ஏதாவது சாத்தி வைச்சிருக்கினமா என்று. அடுத்த கிழமை சுடுதண்ணித் தாங்கியைப் பற்றிக் கதைப்பம்.