கிளையும் கயிறும்

பனையேறுபவர் மரத்தைத் தழுவிக்கொண்டே ஏறுகின்றார். காலிலே தளைநார், மார்புக்கும் மரத்துக்கும் இடையே இடைவெளி மிகச் சிறிது. உராய்வு இல்லையேல் அவருக்கு ஏற்றமும் இல்லை. களுத்துறைப் பக்கத்திலே தென்னைகளின் வட்டுக்கு வட்டு கட்டிய தும்புக்கயிற்றின் மேல் நடந்து கள் இறக்குவோரையும் நேயர்களிற் பலர் கண்டிருப்பர். அங்கே மனிதர் நகர்கின்றார். கயிறு கட்டிய இடத்திலேயே கிடக்கின்றது. இங்கிலாந்திலும் ஜேர்மனியிலும் அமெரிக்காவிலும் பூங்கா மரங்களைப் பேணுவதையே தொழிலாகக் கொண்டவர்கள் ஏறும் முறை இவ்விரண்டிலிருந்தும் வேறானது. அங்கே கயிறே நகர்கின்றது. அதனால் விளையும் தொல்லையும், அதற்குக் கண்ட பரிகாரமுமே இப்பேச்சின் பொருள்.

ஒரு பீச் மரத்தை எண்ணிக்கொள்ளலாம். உயரத்திலுள்ள உறுதியான கவடு ஒன்றின்மேற் கயிற்றைப் போட்டு, ஒரு முனையை ஏறுபவர் தம் இடைவாரிற் கட்டிக்கொள்கின்றார். மறுபக்கம் இறங்கும் கயிற்றை ஓர் உராய்வு முடிச்சினாற் பற்றி, அம்முடிச்சையும் இடைவாரோடு இணைக்கின்றார். பாரம் விழுந்தால் இறுகிப் பிடிப்பதும், கையால் தளர்த்தினால் வழுகி விடுவதும் இம்முடிச்சின் இயல்பு. ஒஸ்திரிய மலையேறியான கார்ல் புருசிக் 1931 ஆம் ஆண்டில் வெளியிட்டுப் பெயர்பெற்ற முடிச்சும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. ஏறுபவர் 1 மீற்றர் உயர்ந்தால், கவட்டின்மேல் 1 மீற்றர் கயிறு ஓடுகின்றது. இறங்கும்போது மறுபடியும் ஓடுகின்றது. கிளைக்குக் கிளை போய் வெட்டிவிட்டுத் திரும்புபவரின் ஒருநாள் வேலையில் அந்தக் கயிறு எத்தனை தடவை அறுவாள்போல் ஓடியிருக்கும்!

பீச் மரத்தின் பட்டையோ மெல்லியது. அதன் கீழே, மரத்துக்கும் பட்டைக்கும் நடுவே, சில கலங்களின் தடிப்பே உடைய மாறிழையம் இருக்கின்றது. உட்புறம் புதிய மரத்தையும் வெளிப்புறம் புதிய உரியத்தையும் ஆக்குவது அதுவே. இளவேனிலில் மரம் துளிர்க்குங் காலத்திற் பட்டை எளிதில் உரியும். அப்போது கயிறு ஓடினால் காயம் மாறிழையம் வரை செல்லும். அவ்வழியாகப் பூஞ்சணம் புகலாம். புண் மூடுவதற்கு ஆண்டுகள் பல செல்லும். பனையிலும் தென்னையிலும் இத்தகைய மாறிழையம் இல்லை. அவற்றின் கலன்கட்டுகள் தண்டு முழுவதும் சிதறிக் கிடப்பன. பனையிற் பெற்ற அனுபவத்தைக்கொண்டு பீச் மரத்தை மதிப்பிடலாகாமைக்குக் காரணம் இதுவே.

சேதம் மரத்துக்கு மட்டுமன்று. இன்றைய ஏறுகயிறுகள் நைலோன், பொலியெஸ்ரர் முதலிய செயற்கை இழைகளாலானவை. பொலியெஸ்ரர் ஏறக்குறைய 250 பாகை செல்சியசிலும், நைலோனில் ஒருவகை 220 பாகையிலும் உருகும். தும்புக்கயிறு சூடேறினாற் கருகும். இவையோ உருகிப் பளபளப்பாக இறுகிவிடும். முரட்டுப் பட்டையுள்ள ஓக் மரம் தன் காயத்தை ஓரளவு பொறுத்துக்கொண்டாலும், கயிற்றின் மேலுறையைத் தேய்த்துப் பஞ்சாக்கிவிடும்.

ஆகவே கயிற்றுக்கும் கிளைக்கும் இடையே ஒரு காப்பு வைக்கும் வழக்கம் எழுந்தது. ஆங்கிலத்தில் இதனைக் கேம்பியம் சேவர் என்பாரும் உளர். பிரிக்ஷன் சேவர் என்பாரும் உளர். முன்னையது மாறிழையத்தைக் காப்பது என்றும், பின்னையது உராய்வைக் குறைப்பது என்றும் பொருள்படும். ஒரே கருவிக்கு மரத்தை நினைத்து ஒரு பெயரும், மனிதரை நினைத்து ஒரு பெயருமாக அமைந்துவிட்டன. தமிழிற் கயிற்றுக்காப்பு எனலாம். வளையத்தையும் பாதுகாவலையும் ஒருங்கே குறிக்கும் சொல் நம்மிடம் இருக்கப் புதுச்சொல் தேடுவானேன்?

மிக எளிய வகை தோற்குழாய். கயிறு அதனுள்ளே ஓடும். தோல் கிளையின்மேற் கிடக்கும். பட்டை தப்பும். ஆயினும் வளைவு அப்படியே இருப்பதால் உராய்வு பெரிதும் குறைவதில்லை. இரண்டாவது வகை, உறுதியான நாடா ஒன்றின் இருமுனையிலும் உலோக வளையங்கள் பூட்டியது. நாடா கிளையைச் சுற்றி அசையாது கிடக்க, வளையங்கள் கீழே தொங்கும். கயிறு அவற்றினூடே ஓடும். வளையம் ஒன்றுக்குப் பதிலாகக் கப்பி வைத்ததே மூன்றாவது வகை.

எதைத் தெரிவது என்பதற்கு ஒரு சிறு கணக்கு உதவும். வளைந்த பொருளின்மேல் ஓடும் கயிற்றின் இருபுறத்து இழுவிசைகளும் எவ்வாறு வேறுபடும் என்பதைப் பதினெட்டாம் நூற்றாண்டிலே ஒயிலர் என்னும் கணித மேதை ஆராய்ந்தார். கிளையின் பருமன் அக்கணக்கிற் புகுவதில்லை. கயிறு எத்தனை பாகை வளைகின்றது, உராய்வுக் குணகம் எவ்வளவு என்பனவே வேண்டும். குணகம் 0.4 ஆயிருந்து, கயிறு அரைவட்டம் வளைந்தால், ஒருபுற இழுவிசை மறுபுறத்தைப்போல் மூன்றரை மடங்காகும். 80 கிலோகிராம் நிறையுள்ள ஒருவர் வெறும் கிளையில் ஏறும்போது முடிச்சுப் பக்கத்தில் ஏறக்குறைய 62 கிலோகிராம் பாரத்துக்குச் சமமாக இழுக்கவேண்டும். உராய்வற்ற கப்பியாயின் 40 போதும். குணகம் 0.2 ஆகவுள்ள உலோக வளையமாயின் 52 அளவில் நிற்கும். நாள் முழுவதும் ஏறுபவரின் தோளுக்கு இந்த வேறுபாடு நன்றாகத் தெரியும்.

இறங்கும்போதோ கணக்கு தலைகீழாகின்றது. வெறும் கிளையில் இறங்குபவரின் முடிச்சுத் தாங்குவது 18 கிலோகிராம் மட்டுமே. மிகுதி முழுவதும் கட்டிய முனையின் பக்கத்தில் நிற்கின்றது. வளையத்தில் அது 28 ஆகும். கப்பியில் 40 ஆகும். இதுகாறும் கிளையே ஒரு மறைவான தடையாக நின்று உதவியிருக்கின்றது. அதனை நீக்கியவுடன் அந்த வேலை முழுவதும் முடிச்சின் தலையில் விழுகின்றது. வெறும் கிளையில் நன்றாகப் பிடித்த முடிச்சு, கப்பியின் கீழ் இருமடங்குக்கு மேற்பட்ட பாரத்தை ஏற்று வழுகலாம், சூடேறலாம். காப்பு வாங்கியவர் முதன்முதலில் தரையிலிருந்து ஓரடி உயரத்திலே தொங்கி, முடிச்சுக்கு இன்னுமொரு சுற்று வேண்டுமா என்று பார்ப்பது இதனாலேயே. பழகியவர்களே இதிற் கூடுதலாக ஏமாறுவர். கை பழைய பிடியையே எதிர்பார்த்திருக்கும்.

வளையக் காப்பிலும் கவனிக்கவேண்டியன உண்டு. நாடா கிளைக்குக் குட்டையானால் வளையங்கள் இருபுறமும் அகன்று நின்று, நாடாவில் விசை மிகும். காப்புக்கு மேலே ஏறினாற் கயிறு தளர்ந்து, நாடா கிளையை விட்டு நழுவ இடமுண்டு. தவறி விழுந்தால் உடம்பு வாங்கும் அடியும் பெரிது. நாளடைவில் ஓடிய வளையத்திற் பள்ளம் விழும். அதன் விளிம்பு கூராகிவிட்டால், கயிற்றைக் காக்க வந்ததே கயிற்றை அறுக்கும். அலுமினியம் இலேசானது; உருக்கு நெடுநாள் தேயாது. உளுத்த கிளையை எந்தக் காப்பும் உறுதியாக்காது என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

இக்கருவியின் அழகு, மரத்தில் ஏறாமலே அதனை மாட்டவும் கழற்றவும் இயல்வதில் இருக்கின்றது. ஏறக்குறைய 400 கிராம் நிறையுள்ள சிறு பையொன்றை மெல்லிய நூலிற் கட்டிக் கவட்டின்மேல் எறிந்து, அந்நூலினாற் காப்பையும் கயிற்றையும் மேலே இழுத்து அமைக்கின்றனர். பின்னர் இருவர் சேர்ந்து தொங்கிப் பார்த்த பின்பே ஒருவர் ஏறுவார். கழற்றுவதற்கென்றே இரு வளையங்களில் ஒன்று பெரிதாகவும் மற்றது சிறிதாகவும் செய்யப்பட்டிருக்கின்றது. கயிற்றின் முனையிற் சிறு குண்டொன்றைக் கட்டி இழுத்தால், அது பெரிய வளையத்தினூடே நுழைந்து சிறிய வளையத்தில் மாட்டிக்கொள்ளும். மேலும் இழுக்க, நாடா கிளையைச் சுற்றி வழுகிக் கீழே விழும். விழும் உலோகம் தலையைப் பதம் பார்க்கும் என்பதால், நிலத்தில் நிற்பவருக்கும் தலைக்கவசம் வேண்டும்.

முனை மாறிக் குண்டைக் கட்டிவிட்டாலோ, அது முதலிற் சிறிய வளையத்திலேயே தடைப்படும். இழுக்க இழுக்கச் சிறிய வளையம் பெரியதோடு முட்டி, நாடா கிளையை இறுகப் பிடித்துக்கொள்ளும். பொழுது சாயும் நேரத்தில், கயிறுகளைச் சுருட்டி வைத்துவிட்டுத் தேநீரை எண்ணி நின்றவர், மறுபடியும் அந்த மரத்தில் ஏறவேண்டியதுதான்.