டிரில் ஆடினால் தூக்கிப் போடாதீர்கள்

சங்கத்து டிரில் மெஷின் ஆடுகிறது, புதிது வாங்கலாம் என்றீர்கள். வங்கியில் கணக்கு டேலி ஆகாவிட்டால் லெட்ஜரையா கிழித்தோம்? ஒவ்வொரு பதிவாகப் பார்த்தோம். இதுவும் அப்படித்தான்.

முதலில் பிளக்கை எடுத்துவிடுங்கள். பிட்டைக் கழற்றிக் கண்ணாடி மேல் உருட்டுங்கள். துள்ளினால் பிட் வளைந்திருக்கிறது; அதை மட்டும் மாற்றுங்கள்.

சீராக உருண்டால், பிட்டைப் பிடிக்கும் சக்கின் உள்ளே பாருங்கள். மூன்று தாடைகள் இருக்கும். தூசியைத் தட்டி, பிட்டை மூன்றுக்கும் நடுவில் நிறுத்தி, சாவியால் மூன்று துளைகளிலும் இறுக்குங்கள். நம் மெஷினில் பிட் இரண்டு தாடைகளுக்கிடையே சிக்கியிருந்தது. அவ்வளவுதான்!

அப்படியும் ஆடினால் மெக்கானிக்கிடம் கொடுங்கள். ஆட்டத்தோடு ஓட்டாதீர்கள், பிட் உடைந்து கண்ணில் தெறிக்கலாம்.