மூன்று உருளைகளும் ஒரு ரப்பர்ப் போர்வையும்



ரப்பர் ஷீட் போடும் உருளை இயந்திரத்தை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். உறைந்த பால் ஒரு பக்கம் நுழைந்து, தட்டையாகி மறுபக்கம் வரும். உருளைகளுக்கு நடுவே உள்ள இடைவெளியைக் குறைத்தால் ஷீட் மெலியும், கூட்டினால் தடிக்கும். இதை மனத்தில் வைத்துக்கொண்டால், பிள்ளைகளின் பாடப்புத்தகத்தை அச்சிடும் ஆப்செட் இயந்திரம் பாதி புரிந்துவிடும்.

அதிலும் உருளைகள்தாம் முக்கியம், மூன்று. முதல் உருளையில் அலுமினியத் தகடு. தகட்டில் எழுத்துள்ள இடம் எண்ணெய் மையை ஏற்கும். மற்ற இடம் தண்ணீரை ஏற்று மையைத் தள்ளிவிடும். இரண்டாவது உருளைக்கு ரப்பர்ப் போர்வை. மூன்றாவது, தாளைத் தாங்கி அழுத்துவது. தகட்டிலிருந்து மை நேரே தாளுக்குப் போவதில்லை. முதலில் ரப்பரில் படிந்து, அங்கிருந்துதான் தாளுக்குப் போகிறது. ஏன் இப்படிச் சுற்றிப் போகவேண்டும்?

அமெரிக்காவில், நியூ ஜெர்சி மாநிலத்தில் ஐரா ரூபெல் என்பவர் அச்சுத் தொழில் நடத்தினார். அந்தக் காலத்து அச்சில் மை நேராகவே தாளில் விழும். தாளை அழுத்தும் உருளைக்கு மட்டும் ரப்பர் சுற்றியிருந்தார்கள். 1904ஆம் ஆண்டு வாக்கில் அவருடைய இயந்திரத்தில் ஒரு தாள் போடத் தவறிவிட்டது. மை ரப்பரில் பதிந்தது. அடுத்து வந்த தாளின் முதுகிலும் எழுத்து விழுந்தது. நாமாக இருந்தால் அந்தத் தாளை அடுப்பெரிக்கப் போட்டிருப்போம். அவர் திருப்பிப் பார்த்தார். முகப்பைவிட முதுகில் விழுந்த எழுத்துத்தான் தெளிவாக இருந்தது! தாள் நமக்கு வழவழப்பாகத் தெரிந்தாலும் அதில் மேடும் பள்ளமும் உண்டு. கடினமான பொருள் மேட்டைத்தான் தொடும். ரப்பர் வளைந்து பள்ளத்துக்குள்ளும் இறங்கும்.

இதற்கு முன்பே, 1875இல், இங்கிலாந்தில் ராபர்ட் பார்க்லே என்பவர் தகரத்தில் அச்சிட நடுவே ஓர் உருளையை வைத்திருந்தார். தாளுக்கு அந்த முறையைக் கொண்டுவந்தது ரூபெலின் அந்தத் தவறுதான்.

இனி இயந்திர அமைப்பு. தகடு ரப்பரை அழுத்தும் ஆழம் ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர், ஒரு தலைமுடியின் தடிமன் என்று சொல்லலாம். அந்த அளவைச் சரிசெய்ய, அச்சுத் தொழிலாளி தகட்டுக்கும் ரப்பருக்கும் அடியில் மெல்லிய தாள்களை வைப்பார். ஒரு தாள் கூடிவிட்டால் என்ன ஆகும்? உருளையின் சுற்றளவு பெருக்கும். பற்சக்கரங்களோ எல்லா உருளைகளையும் ஒரே கணக்கில்தான் சுற்றும். ஆகவே பெருத்த உருளையின் மேற்பரப்பு சற்று வேகமாக ஓடி, மற்றதன்மேல் தேயும். வட்டமான மைப்புள்ளி வால் முளைத்ததுபோல் நீளும். படத்தில் முகம் மங்கிவிடும்.

வெறும் ரப்பரை அழுத்தினால் சப்பாத்தி மாவுபோலப் பக்கத்தில் பிதுங்கும். அதனால் இக்காலப் போர்வையில் துணி அடுக்குகளோடு, நுண்ணிய காற்றறைகள் கொண்ட ஓர் அடுக்கையும் வைக்கிறார்கள். போர்வையின் இரு முனைகளும் உருளையில் நீளவாக்கில் உள்ள பள்ளத்துக்குள் செருகப்பட்டு, மேளத் தோலைப்போல் இழுத்து முறுக்கப்படும். அழுத்தும் உருளையின் பள்ளத்தில் இரும்பு விரல்கள் வரிசையாக இருக்கும். அவைதாம் தாளின் விளிம்பைக் கவ்வி இழுக்கின்றன. நான்கு வண்ணமும் ஒன்றன்மேல் ஒன்று பிசகாமல் விழுவது இந்த விரல்களின் பிடியில்தான் இருக்கிறது.

தாள் வரத் தவறினால் உருளைகள் தாமாகவே விலகி நிற்கும்படியும் இன்று அமைத்திருக்கிறார்கள். எந்தத் தவறிலிருந்து இயந்திரம் பிறந்ததோ, அதே தவறுக்குக் காவல்!

கொஞ்சம் கசப்பான செய்தியும் உண்டு. நீங்கள் மங்கிலிருந்து சேர்த்தெடுக்கும் பாலில் ஆகிற ரப்பர், எண்ணெயில் ஊறிப் பெருத்துவிடும். அச்சு மையோ எண்ணெய். அதனால் 1930களில் ஜெர்மனியில் உருவான நைட்ரைல் என்ற செயற்கை ரப்பர், போர்வையின் மேல்முகத்தைப் பெரும்பாலும் பிடித்துக்கொண்டது.

நம்பிக்கை இல்லையா? ஒரு ரப்பர் வளையத்தை, அடுப்புக்கும் பிள்ளைகளுக்கும் எட்டாத இடத்தில், கொஞ்சம் மண்ணெண்ணெயில் இரவு முழுவதும் போட்டு வையுங்கள். காலையில் எடுத்து, ஊறாத வளையத்தின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.